மலேசியா: தெலங்கானா அளவு மக்கள், ஒன்பது அரசர்கள், இருபது லட்சம் இந்தியர்கள்

ஹைதராபாத் மாதாப்பூரில் பேச்சிலர் மெஸ் நடத்தும் எந்தச் சமையலறைக்குப் போனாலும் ஒரு பொருள் கண்ணில் படும்: பாமாயில் பாக்கெட். பூரி பொரிவதும் அதில்தான், மிர்ச்சி பஜ்ஜி மிதப்பதும் அதில்தான். இந்தியா தான் பயன்படுத்தும் பாமாயிலில் பெரும்பகுதியை வெளியில் இருந்தே வாங்குகிறது. இந்தோனேசியாவும் மலேசியாவும்தான் முக்கியமான விற்பனையாளர்கள். அந்தச் சார்பைக் குறைக்க மத்திய அரசு 2021-ல் 11,040 கோடி ரூபாயில் ஒரு தேசியத் திட்டத்தையே அறிவித்தது. தெலங்கானா 20 லட்சம் ஏக்கரில் எண்ணெய்ப் பனை வளர்க்கப் போவதாக இலக்கு வைத்தது. கம்மம், பத்ராத்ரி கொத்தகூடம் பக்கம் போனால் நெல் வயலுக்கு நடுவே அந்த மரங்களைப் பார்க்கலாம்.

மலேசியாவில் இதே மரத்துக்குத் தமிழில் செம்பனை என்று பெயர். அந்தச் சொல்லை உருவாக்கியவர்கள் அங்குள்ள தமிழர்கள். அந்த மரம் வந்ததால் வேலையையும் வீட்டையும் இழந்தவர்களிலும் அவர்கள் நிறைய பேர்.

நம்மில் பலருக்கு மலேசியா என்றால் இரட்டைக் கோபுரம், பத்துமலை முருகன், கபாலி படம். இப்போது விசா இல்லாமல் 30 நாள் சுற்றிவிட்டு வரலாம் என்பதால் நான்கு நாள் லீவு கிடைத்தால் கிளம்பிவிடுகிறோம். கோலாலம்பூரில் வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது, போகலாமா என்று கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள். அந்த நாட்டில் யார் இருக்கிறார்கள், யார் ஆள்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, நம் ஆட்கள் அதில் எங்கே நிற்கிறார்கள்? எண்களோடு பார்க்கலாம்.

எவ்வளவு பெரிய நாடு?

2024 மதிப்பீட்டின்படி மலேசியாவின் மக்கள் தொகை சுமார் 3.41 கோடி. 2011 கணக்கெடுப்பில் தெலங்கானாவின் மக்கள் தொகை 3.5 கோடி. ஆக, ஆள் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு தெலங்கானா. பரப்பளவில் மட்டும் மூன்று தெலங்கானா: 3.3 லட்சம் சதுர கிலோமீட்டர். அதிலும் பாதிக்கு மேல், தென்சீனக் கடலுக்கு அந்தப் பக்கம் போர்னியோ தீவில் இருக்கும் சபா, சரவாக் என்ற இரண்டு மாநிலங்கள். கோலாலம்பூரில் இருந்து அங்கே போக விமானம்தான்.

பொருளாதாரம் என்று வந்தால் ஒப்பீடு மாறுகிறது. மலேசியாவின் 2024 ஜிடிபி சுமார் 42,000 கோடி அமெரிக்க டாலர். தெலங்கானாவின் 2024-25 உற்பத்தி மதிப்பு சுமார் 16 லட்சம் கோடி ரூபாய், அதாவது ஏறத்தாழ 19,000 கோடி டாலர். அதே எண்ணிக்கை மக்கள், இரண்டு மடங்குக்கும் அதிகமான வருமானம். 7 கோடிக்கும் அதிகமானோர் வாழும் தமிழ்நாடும் இன்னும் மலேசியாவின் மொத்த ஜிடிபியைத் தொடவில்லை. தலைக்கு 12,000 டாலர் என்ற அளவில் இருக்கும் மலேசியா, உலக வங்கியின் பட்டியலில் 'உயர் வருமான நாடு' என்ற கோட்டுக்குக் கொஞ்சம் கீழே பல வருடமாக நின்றுகொண்டிருக்கிறது. அந்தக் கோட்டை எப்போது தாண்டும் என்பது அங்கே ஒரு தேசியக் கவலை.

யார் யார் இருக்கிறார்கள்?

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. மலேசியாவின் இன விகிதங்களை மேற்கோள் காட்டும் பல கட்டுரைகள் ஒரே தவறைச் செய்கின்றன. அந்த விகிதங்கள் மொத்த மக்கள் தொகைக்கானவை அல்ல, குடிமக்களுக்கு மட்டுமானவை. 3.41 கோடியில் சுமார் 34 லட்சம் பேர், அதாவது பத்தில் ஒருவர், குடியுரிமை இல்லாதவர்கள். இந்தோனேசியா, வங்கதேசம், நேபாளம், மியான்மர், இந்தியா எனப் பல இடங்களில் இருந்து வேலைக்கு வந்தவர்கள். அரசுக் கணக்கில் வராமல் இருப்பவர்கள் தனி.

குடிமக்களில் பூமிபுத்ரா எனப்படுவோர் சுமார் 70 சதவீதம், சீனர்கள் 22.4, இந்தியர்கள் 6.5. பூமிபுத்ரா என்பது மண்ணின் மைந்தர் என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல். மலாய்க்காரர்களையும், சபா, சரவாக்கின் பழங்குடிகளையும் சேர்த்துக் குறிக்கிறது. மலாய்க்காரர் யார் என்பதை அரசியலமைப்பின் 160-வது பிரிவே வரையறுக்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், மலாய் பேச வேண்டும், மலாய் வழக்கங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். அதாவது இனமும் மதமும் சட்டத்திலேயே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இது ஏன் முக்கியம் என்று பின்னால் தெரியும்.

6.5 சதவீதம் என்பது சுமார் 20 லட்சம் பேர். அவர்களில் பெரும்பான்மை தமிழர்கள். தெலுங்கர்களும் இருக்கிறார்கள். பேராக் மாநிலத்தின் பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோப்புகளில் வேலை செய்ய ஆந்திராவில் இருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மலையாளிகள், பஞ்சாபிகள், குஜராத்திகள் எல்லாரும் சேர்ந்துதான் அந்த 6.5.

1957-ல், மலாயா சுதந்திரம் வாங்கிய வருடம், இந்தியர்கள் 11 சதவீதம். அப்படின்னா பாதியாகக் குறைந்துவிட்டார்களா? இல்லை. அன்று சுமார் 7 லட்சம், இன்று 20 லட்சம். எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று மடங்கு, பங்கு மட்டும் சரிந்திருக்கிறது. 1963-ல் சபாவும் சரவாக்கும் சேர்ந்தபோது கணக்கின் அடித்தளமே மாறியது, அது ஒரு காரணம். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள், அது இன்னொன்று. மூன்றாவது, பிறப்பு விகிதம். நாட்டின் சராசரியே 2024-ல் 1.6-க்கு இறங்கிவிட்டது. சீன, இந்தியக் குடும்பங்களில் அதைவிடக் குறைவு. ஒரு வீட்டில் ஒரு குழந்தை என்ற கதை சென்னையிலும் ஹைதராபாத்திலும் மட்டும் நடக்கவில்லை.

அரசர் யார், பிரதமர் யார்?

மலேசியா ஒரு கூட்டாட்சி முடியாட்சி. 13 மாநிலங்கள், கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் என்ற 3 கூட்டரசுப் பகுதிகள். 13 மாநிலங்களில் 9-க்குப் பரம்பரை அரசர்கள் உண்டு. ஏழு பேர் சுல்தான்கள், மற்ற இரண்டு பேருக்கும் வேறு பட்டம். இந்த ஒன்பது பேரும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கூடித் தங்களில் ஒருவரை நாட்டின் மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெயருக்குத்தான் தேர்தல், நடைமுறையில் முறைவைத்து வருவதுதான். இப்போதைய மாமன்னர் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம். 2024 ஜனவரி 31-ல் பதவியேற்ற 17-வது மாமன்னர்.

நம் குடியரசுத் தலைவர் மாதிரி அலங்காரப் பதவி என்று நினைத்தால், ஒரு காலத்தில் அது சரி. 2018-க்குப் பிறகு சரியில்லை.

அந்த வருடம் மே 9 தேர்தலில், சுதந்திரத்தில் இருந்து ஆண்ட கூட்டணி முதல் முறையாகத் தோற்றது. காரணங்களில் பெரியது 1எம்டிபி. அரசு முதலீட்டு நிதியில் இருந்து 450 கோடி டாலர் சுருட்டப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை சொன்ன விவகாரம். அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக் 2022 ஆகஸ்டில் சிறைக்குப் போனார். 12 வருடத் தண்டனை பிறகு 6 ஆகக் குறைக்கப்பட்டது. வென்ற கூட்டணிக்குத் தலைமை தாங்கியவர் 92 வயதான மகாதிர் முகமது. ஏற்கெனவே 1981 முதல் 2003 வரை பிரதமராக இருந்தவர். இரண்டு வருடம் முடியுமுன்பே அந்த அரசு கவிழ்ந்தது. பிறகு முஹிதின் யாசின், அவருக்குப் பிறகு இஸ்மாயில் சப்ரி. எம்.பி.க்கள் கட்சி மாறிக்கொண்டே இருந்தார்கள். நம் ஊர் ரிசார்ட் அரசியலைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. யாருக்குப் பெரும்பான்மை என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டிய இடத்தில் மாமன்னர் வந்து நின்றார்.

2022 நவம்பர் 19 தேர்தலிலும் 222 இடங்களில் யாருக்கும் 112 கிடைக்கவில்லை. மாமன்னர் யோசனை சொல்ல, ஒருவரை ஒருவர் எதிர்த்துப் போட்டியிட்ட கூட்டணிகள் சேர்ந்து 'ஒற்றுமை அரசு' அமைத்தன. நவம்பர் 24-ல் அன்வார் இப்ராஹிம் பத்தாவது பிரதமரானார். இருபது வருடத்துக்கு மேலாகப் பிரதமர் நாற்காலிக்காகக் காத்திருந்தவர், நடுவில் சிறையும் சென்றவர். அந்தத் தேர்தலுக்கு முன்பே இரண்டு மாற்றங்கள் வந்திருந்தன. வாக்களிக்கும் வயது 21-ல் இருந்து 18 ஆனது, கட்சி தாவினால் பதவி போகும் என்ற சட்டமும் வந்தது.

ஒரு தகவல் நம் ஊர்க்காரர்களை ஆச்சரியப்படுத்தும். மலேசியாவில் மாநகராட்சித் தேர்தலே கிடையாது. 1965-ல் நிறுத்திவைத்தார்கள், பிறகு சட்டப்படியே எடுத்துவிட்டார்கள். கோலாலம்பூர் மேயரை நியமிக்கிறார்கள். தேர்தல் நடந்தால் நகரங்களில் அதிகம் வாழும் சீனர்களின் கை ஓங்கும் என்ற அச்சம் இன்றும் இந்த விவாதத்துக்குள் இருக்கிறது.

சட்டமும் இரண்டு தடம். எல்லோருக்குமான சிவில் நீதிமன்றங்கள் ஒரு பக்கம், முஸ்லிம்களின் குடும்ப விவகாரங்களுக்கு ஷரியா நீதிமன்றங்கள் இன்னொரு பக்கம். கணவனோ மனைவியோ மதம் மாறினால் குழந்தை யாருக்கு என்ற கேள்வியில் இரண்டு தடமும் மோதும். தாய்க்குத் தெரியாமல் குழந்தைகளைத் தந்தை மட்டும் மதம் மாற்றியது செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர் இந்திரா காந்தி என்ற பெயருள்ள மலேசிய இந்துப் பெண். மழலையர் பள்ளி ஆசிரியை. தீர்ப்பில் வென்ற பிறகும் கடைசி மகள் பிரசன்னாவைப் பார்க்க அவர் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது?

முதலில் ஈயம், அப்புறம் ரப்பர், அப்புறம் செம்பனை, பெட்ரோலியம், இப்போது சிப். ஒரே வரியில் இதுதான் நூறு வருட வரலாறு.

1972-ல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில், ஐந்து ஏக்கர் நெல் வயலில், தொடங்கியது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், பாஷ் எல்லாம் அதே காலத்தில் வந்து இறங்கின. இன்று உலகின் சிப் பேக்கேஜிங், டெஸ்டிங் வேலையில் சுமார் 13 சதவீதம் மலேசியாவில் நடக்கிறது. ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 சதவீதம் மின்னணுப் பொருட்கள். சிக்கல் என்னவென்றால், டிசைனும் அதிக லாபமும் வேறு நாட்டில். கடைசிக் கட்ட வேலைதான் இங்கே. அதை மாற்றத்தான் 2024 மே மாதம் 50,000 கோடி ரிங்கிட் முதலீட்டை ஈர்க்கவும் 60,000 பொறியாளர்களைத் தயார் செய்யவும் தேசிய செமிகண்டக்டர் திட்டம் அறிவித்தார்கள். இந்தியாவும் இப்போது குஜராத்திலும் அசாமிலும் இதே பேக்கேஜிங் வேலையில் இருந்துதான் தொடங்குகிறது. ஐம்பது வருட முன்னோட்டம் வேண்டுமானால் பினாங்கைப் பார்க்கலாம்.

பாமாயிலில் இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம். வருடத்துக்கு சுமார் 1.9 கோடி டன். பெரிய வாடிக்கையாளர் இந்தியா. அந்த வாடிக்கையின் பலம் 2020 ஜனவரியில் தெரிந்தது. காஷ்மீர் பற்றியும் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றியும் மகாதிர் பேசிய பிறகு, சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. உத்தரவில் மலேசியா என்ற பெயர்கூட இல்லை. யாருக்குப் போட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. உறவு பிறகு சீரானது. 2024 ஆகஸ்டில் அன்வார் டெல்லி வந்தபோது, மலாயா பல்கலைக்கழகத்தில் திருவள்ளுவர் இருக்கை அமைப்பதும் கூட்டறிக்கையில் இடம்பெற்றது.

எண்ணெய், எரிவாயு எல்லாம் 1974-ல் தொடங்கிய அரசு நிறுவனம் பெட்ரோனாஸ் கையில். அரசின் வருமானத்தில் கணிசமான பங்கு இதில் இருந்து வருகிறது. எங்கள் கடலில் எடுக்கும் எரிவாயுவில் எங்கள் பங்கு என்ன என்று சரவாக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பெட்ரோல் விலையைத் தொட எந்த அரசுக்கும் பயம். 2025 செப்டம்பர் இறுதியில் இருந்து குடிமக்களுக்கு மட்டும் லிட்டர் 1.99 ரிங்கிட். ஒரு ரிங்கிட்டைச் சுமார் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 40 ரூபாய்க்குள். ஹைதராபாத்தில் 107 ரூபாய்க்கு டேங்க் நிரப்பிய கணக்கை இதோடு ஒப்பிட வேண்டாம், மனசு கஷ்டப்படும்.

இன்னொரு விசித்திரம் ஜிஎஸ்டி. 2015 ஏப்ரலில் 6 சதவீதமாக வந்தது. 2018 தேர்தலில் அதுவே பெரிய கோபமாக மாற, புதிய அரசு ஜூன் மாதமே பூஜ்ஜியமாக்கியது. செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரிக்கே திரும்பிவிட்டார்கள். வந்த ஜிஎஸ்டியைத் திருப்பி அனுப்பிய நாடு உலகத்தில் அதிகம் இல்லை.

தமிழர்கள் எங்கே நிற்கிறார்கள்?

இந்தக் கட்டுரையில் எனக்கு அதிகம் வேலை வைத்த பகுதி இதுதான். எண்கள் ஒரு கதை சொல்கின்றன, இடங்கள் இன்னொன்று சொல்கின்றன.

நாகப்பட்டினத்தில் இருந்தும் சென்னையில் இருந்தும் பினாங்குக்குக் கப்பல் ஓடிய காலம் இருந்தது. முதலில் ஒப்பந்தக் கூலிகளாக, அது 1910-ல் நின்ற பிறகு கங்காணிகள் தங்கள் ஊரில் இருந்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போன முறையில், லட்சக்கணக்கில் போனார்கள். 1938-ல் இந்திய அரசு அதற்குத் தடை போட்டது. ஜப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டவர்களில் பெரும் எண்ணிக்கையில் இந்தத் தோட்டத் தமிழர்கள் இருந்தார்கள். உலகப்போர்க் கதை என்றால் அந்தப் பாதையில் செத்த வெள்ளைக்காரக் கைதிகளின் கதைதான் திரைக்கு வந்தது.

தோட்டம் என்பது வேலை மட்டும் இல்லை. லயத்து வீடு, கோயில், தமிழ்ப் பள்ளி, மருந்தகம், எல்லாம் முதலாளியின் நிலத்தில். வேலை போனால் எல்லாம் போகும். சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலேய கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அமைச்சராக இருந்த வி.தி. சம்பந்தன் 1960-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர்களிடமே பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். நல்ல முயற்சி, ஆனால் அலை அதைவிடப் பெரியது. ரப்பர் மரத்தைத் தினமும் வெட்ட ஆள் வேண்டும், செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். அப்புறம் குறைந்த கூலிக்கு இந்தோனேசியத் தொழிலாளர்கள் வந்தார்கள். அப்புறம் தோட்டங்களே நகரமாயின. 1980-க்கும் 2000-க்கும் இடையில் சுமார் 3 லட்சம் இந்தியத் தொழிலாளர்கள் தோட்டங்களை விட்டு வெளியேற்றப்பட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் அடிக்கடி குறிப்பிடும் மதிப்பீடு.

அதில் ஒரு தோட்டத்தின் பெயர் பிராங் பெசார். ரப்பர் ஆராய்ச்சிக்குப் பெயர் போன தோட்டம். இன்று கூகுள் மேப்பில் அந்த இடத்தைத் தேடினால் ஏரி, இளஞ்சிவப்பு மசூதி, பச்சைக் குவிமாடத்தோடு பிரதமர் அலுவலகம் என்று வரும். அதுதான் புத்ராஜெயா, மலேசியாவின் நிர்வாகத் தலைநகரம். அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள் பக்கத்தில் டிங்கில் என்ற ஊரில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன.

1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு 1971-ல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அப்போது தீபகற்ப மலேசியாவில் பாதி வீடுகள் வறுமையில். மலாய்க்காரர்கள் கையில் கம்பெனிப் பங்குகள் மிகச் சொற்பம். அதை 30 சதவீதமாக்குவது இலக்கு. பல்கலைக்கழக இடம், அரசு வேலை, ஒப்பந்தம், வீட்டு விலையில் தள்ளுபடி எனப் பலவற்றில் பூமிபுத்ராக்களுக்கு முன்னுரிமை. 1990-ல் முடிய வேண்டியது, வேறு வேறு பெயர்களில் இன்றும் தொடர்கிறது. வறுமை குறைந்தது உண்மை. வலுவான மலாய் நடுத்தர வர்க்கம் உருவானதும் உண்மை. ஆனால் பெரும்பான்மைக்கான இடஒதுக்கீடு அது. நம் ஊர் இடஒதுக்கீட்டோடு அப்படியே ஒப்பிட முடியாது. தோட்டத்தில் இருந்து இறங்கிய தமிழருக்கு அதில் இடம் இல்லை. வியாபாரப் பின்புலமும் இல்லை. இந்தியர்களின் கம்பெனிப் பங்கு பல பத்தாண்டுகளாக 1 சதவீதத்தை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது.

இப்போது எண்கள் சொல்லும் இன்னொரு கதை. 2022 குடும்ப வருமானக் கணக்கெடுப்பில், இந்தியக் குடும்பத்தின் இடைநிலை மாத வருமானம் சுமார் 6,600 ரிங்கிட். பூமிபுத்ரா 5,800, சீனர் 8,200. அதாவது இந்தியர்கள் நடுவில். 'அப்புறம் என்ன பிரச்சினை' என்று அங்குள்ள அரசியல் மேடைகளில் கேட்பது இதை வைத்துத்தான். இரண்டு விஷயத்தை அந்த எண் மறைக்கிறது. ஒன்று, இந்தியர்களில் பெரும்பாலோர் நகரத்தில், அதுவும் செலவு அதிகமான மேற்குக் கரையில் வாழ்கிறார்கள். பூமிபுத்ரா கணக்கில் சபா, சரவாக், கிளந்தான் கிராமங்களும் அடங்கும், அங்கே பலருக்குச் சொந்த நிலம் உண்டு. இரண்டு, இந்தியர் என்ற ஒரே தலைப்புக்குள் வக்கீல்களும் டாக்டர்களும் இருக்கிறார்கள், செந்தூல் அடுக்குமாடியில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவரும் இருக்கிறார். இடைநிலை எண் அந்தப் பிளவைச் சொல்லாது. பிறப்புச் சான்றிதழ் சரியில்லாததால் குடியுரிமையே கிடைக்காமல், நீல அடையாள அட்டைக்குப் பதில் சிவப்பு அட்டையோடு தலைமுறையாக வாழ்பவர்கள் எந்தச் சராசரியிலும் தெரிய மாட்டார்கள்.

இந்தக் கோபம்தான் 2007 நவம்பர் 25-ல் கோலாலம்பூர் தெருவுக்கு வந்தது. ஹிண்ட்ராப் பேரணி. பல்லாயிரம் பேர், காந்தி படத்தோடு, கண்ணீர்ப் புகைக்கு நடுவில். தலைவர்கள் ஐந்து பேர் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டார்கள். அடுத்த மார்ச் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. 1979 முதல் மலேசிய இந்தியர் காங்கிரசை வழிநடத்திய சாமிவேலு, தன் சுங்கை சிப்புட் தொகுதியிலேயே தோற்றார். பினாங்கில் பேராசிரியர் பி. ராமசாமி துணை முதல்வரானார்.

அதற்குப் பிறகு என்ன மாறியது என்றால், பாதிதான். இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. பல தொகுதிகளில் வெற்றியை முடிவு செய்யும் அளவுக்கு இருக்கிறார்கள், தனியாக ஒருவரை ஜெயிக்க வைக்கும் அளவுக்கு இல்லை. அதனால் எப்போதும் வேறொரு கூட்டணியின் சீட்டு தேவை. 2023 டிசம்பர் அமைச்சரவை மாற்றத்துக்குப் பிறகு, தமிழர் ஒருவர்கூட முழு அமைச்சராக இல்லாத நிலை வந்தது. இந்தியச் சமூகத்துக்கான மித்ரா நிதி வருடத்துக்கு 10 கோடி ரிங்கிட். அது யாரிடம் இருக்க வேண்டும், யாருக்குப் போகிறது என்ற சண்டை ஒவ்வொரு வருடமும் நடக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1816-ல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க் கல்வி இன்று 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள். ஆறாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் தமிழில் சொல்லித்தர ஒரு தேசியக் கல்வி அமைப்பே இருக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வெளியே இந்த அளவில் வேறெங்கும் இல்லை. ஹைதராபாத்தில் பிள்ளைக்குத் தமிழ் கற்றுத்தர ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தேடும் பெற்றோருக்கு இதன் அருமை புரியும். ஆனால் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். தோட்டமே காலியான பிறகும் அங்கேயே நிற்கும் சில பள்ளிகளில் மொத்த மாணவர்களை இரண்டு கையில் எண்ணிவிடலாம்.

வேலைக்குப் போகலாமா?

ஆஃபர் கையில் இருந்தால் சில கணக்குகளை முதலில் போடுங்கள். முறைசார் துறையில் வேலை செய்யும் மலேசியக் குடிமக்களின் இடைநிலைச் சம்பளம் 2024 இறுதியில் மாதம் சுமார் 3,000 ரிங்கிட், நம் கணக்கில் 60,000 ரூபாய். குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட். ஹைதராபாத் நிதி மாவட்டத்தில் ஐந்து வருட அனுபவத்தில் வாங்கும் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால், 'வெளிநாடு' என்ற சொல்லுக்காக மட்டும் போகும் வித்தியாசம் இதில் இல்லை. சம்பளம் குறைவு என்பதால்தான் ஜோகூரில் இருந்து லட்சக்கணக்கான மலேசியர்களே தினமும் விடியற்காலையில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

வேலை அனுமதி உங்களுக்கு இல்லை, உங்கள் கம்பெனிக்குத்தான். கம்பெனியை விட்டால் அனுமதியும் முடிந்தது. சம்பளத்தை வைத்து மூன்று வகை உண்டு.  எந்த வகையில் விண்ணப்பிக்கிறார்கள் என்று ஆஃபர் கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள், தொகை வரம்புகளையும் அன்றைய தேதியில் சரிபாருங்கள். வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு காலண்டர் வருடத்தில் 182 நாளுக்குக் குறைவாகத் தங்கினால் பொதுவாக நேராக 30 சதவீத வரி. அக்டோபரில் சேர்ந்தால் முதல் மூன்று மாதச் சம்பளம் கையில் வரும்போது அதிர்ச்சியாக இருக்கும். பிஎஃப் விஷயத்தில் குடிமக்களுக்கு 11 சதவீதம், முதலாளி 12 அல்லது 13. வெளிநாட்டவருக்கு 2025 அக்டோபரில் இருந்து இரு பக்கமும் 2 சதவீதம் மட்டும்.

விசா இல்லாமல் போகலாம் என்பது சுற்றிப் பார்க்க மட்டும். 'டூரிஸ்ட்ல போயிடுங்க, அங்க போய் பர்மிட் மாத்திக்கலாம்' என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் அதற்கு மேல் பேச வேண்டாம். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு அரசு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அதற்கான அலுவலகம் சென்னையிலும் ஹைதராபாத்திலும் இருக்கிறது. ஊரில் இருந்து தம்பியோ மச்சானோ ஹோட்டல் வேலைக்கு என்று கிளம்பினால் இதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

குடியுரிமைக் கனவு வேண்டாம். நிரந்தர வசிப்பிடம் கிடைப்பதே அரிது. இரட்டைக் குடியுரிமையை இரண்டு நாடுகளும் ஏற்பதில்லை.

அடுத்து எதைக் கவனிக்கலாம்?

2025 ஜூலையில் தாக்கலான 13-வது மலேசியத் திட்டம் 2026 முதல் 2030 வரைக்குமானது. இந்தியச் சமூகத்துக்கு அதில் சொன்னதில் எது நடக்கிறது என்று மஇகாவும் அன்வாரின் கூட்டணியில் உள்ள இந்திய எம்.பி.க்களும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பொருளாதார மண்டலத்துக்கு 2025 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. டேட்டா சென்டர்கள் அங்கே குவிகின்றன. ஐடி ஆட்களுக்கு வேலை வந்தால் கோலாலம்பூரைவிட அந்தப் பக்கம் முதலில் வரலாம் என்பது என் ஊகம்.

இப்போதைய நாடாளுமன்றம் முதலில் கூடியது 2022 டிசம்பர் 19. ஐந்து வருடம் முழுதாக ஓடினாலும் 2028 பிப்ரவரிக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும்.